வசனத்தின் மறுபாதி

இந்தோனேசியாவின் தொமொஹோன் மலைச்சரிவில் சபை நடத்திய போதகர் ஹெர்லிக்கு வேதத்தில் ஒரே ஒரு வசனம்தான் பிடிக்கும். அதிலும் பாதிதான். "உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்." காயப்போட்ட கிராம்பு மழையில் நனைந்தாலும் அதைச் சொல்வார், பன்றிக்கறியில் காரம் குறைந்தாலும் அதையேதான் சொல்வார்.

சபையைச் சேர்ந்த மெய்ஸ்கேயின் மகள் ஓல்விக்கு ஜப்பானில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் போதகர் கையெழுத்திட்ட நற்சாட்சிக் கடிதம் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. மெய்ஸ்கே போய்க் கேட்டதும் ஹெர்லி ஜெபிப்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார்.

"மேலேருந்து அனுமதி வரலைம்மா. அதிகாரத்தை மீறாதே."

மெய்ஸ்கே சந்தையில் மீன் விற்றுப் படிக்கவைத்த பெண் ஓல்வி. மேலே இருப்பவருக்கு அவள்மேல் என்ன கோபம்? மெய்ஸ்கே விடவில்லை. வீட்டுக்குப் போய் வேதத்தைப் புரட்டினாள். அட, வசனத்துக்கு மறுபாதியும் இருந்தது. நடத்துகிறவர்கள் உங்கள் ஆத்துமாக்களுக்கு உத்தரவாதம் பண்ணுகிறவர்களாம்!

புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் போதகர் முன்னாலேயே அதை உரக்க வாசித்தாள்.

"கீழ்ப்படியறேன் ஐயா. இனிமே எங்க பாவத்துக்கும் கடவுள்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும். எம் புருஷன் தினமும் பனஞ்சாராயம் குடிக்கிறாரு. குறிச்சுக்கோங்க."

"இன்னைக்கு ரெண்டு கிளாஸ் கூடவே சேத்துக்கோங்க ஐயா!" என்றான் புருஷன் நோல்டி, பெரிய மனது பண்ணி.

சனிக்கிழமை காலை போதகர் வாசலில் வரிசை நின்றது. அடுத்தவன் கிராம்பு மரத்தைத் தன் வேலிக்குள் இழுத்தவன், மாமியாருக்குச் சாபம் விட்டவள் என்று ஆளாளுக்குப் பாவத்தை இறக்கிவைத்துவிட்டுக் கைவீசி நடந்தார்கள். பத்தாவது ஆளிடம் ஹெர்லி வெடித்தார்.

"அவங்கவங்க செஞ்சதுக்கு அவங்கவங்கதான்யா பதில் சொல்லணும்! நான் என்ன உங்க சுமைதூக்கியா?"

வரிசையில் நின்ற மெய்ஸ்கே கடிதத்தை நீட்டினாள். "அப்ப ஓல்வி போறதும் அவ பாடுதானே? போடுங்க கையெழுத்தை."

"அவ போயிட்டா சபைகளோட பாடகர்குழுப் போட்டியில நமக்கு உச்சக்குரல் யாரு பாடறது?" போதகரின் வாய் முந்திக்கொண்டது.

வரிசை மொத்தமும் சிரித்தது. மேலிருந்து வரவேண்டிய அனுமதி எங்கே மாட்டிக்கொண்டிருந்தது என்று ஊருக்கே விளங்கிவிட்டது. ஹெர்லி கையெழுத்துப் போட்டார்.

ஓல்வி விமானம் ஏறினாள். போட்டியில் உச்சக்குரலுக்குப் போதகரின் மனைவி நின்றார். நடுவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அந்தப் பாட்டுக்குக் கடவுள்கிட்ட யாரு ஐயா உத்தரவாதம்?" என்று போதகரிடம் கேட்டான் நோல்டி.