பின்வாசல் மூட்டை

உண்மையின் விலை ஓசூர் பஜாரில் கிலோ மூன்று ரூபாய். 1987-ஆம் வருஷத்து நிலவரம் அது. இங்கிலீஷ் உண்மைக்குப் பதினைந்து காசு கூடுதல். அதை வாங்குகிற வீடுகளில் அதன்மேல் வடையை வைத்து எண்ணெய் வடிப்பதில்லை.

விலை போட்டவர் பழைய பேப்பர் வியாபாரி தஸ்தகீர். ஆட்சி கவிழ்ந்தாலும் அணை உடைந்தாலும் கடைசியில் அவர் தராசுக்குத்தான் வந்தாக வேண்டும். காலையில் காசு கொடுத்து வாங்கியதைச் சாயங்காலம் எடைக்குப் போடுகிறார்கள். சந்தையில் தக்காளிகூட ஒரே நாளில் இப்படி விலை இறங்காது என்பார். அப்படிப்பட்டவரின் மகள் தில்ஷாத், பிளஸ் டூ முடித்த கையோடு, ஜர்னலிசம் படிக்கப் போகிறேன் என்றாள்.

"பேப்பர்ல எழுதறதுக்குப் படிக்கணுமா? படிக்காதவன் எழுதற மாதிரிதானே இருக்குது?" என்றார் தஸ்தகீர். வாய் இப்படிக் கேட்டாலும் மனசு வேறு கேட்டது. யாரோ இவள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். யார்?

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தார். காதல் கடிதம் எதுவும் இல்லை. செய்தித்தாளிலிருந்து வெட்டிய துண்டுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கேள்வி. கடிதம் இருந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். இது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

"எங்கிருந்து வெட்டின?" என்று கேட்டார், அவள் திரும்பி வந்ததும்.

"நம்ம குடோன்லதான்."

துண்டுகளை மொத்தமாகக் கையில் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தராசுக்கு முன்னால் எடை சொல்லிப் பழகிய கை. "அரைக்கிலோ. உன் கணக்குல எழுதிக்கறேன்."

"எழுதிக்கோங்க. என் பெட்டியைத் தொறந்தது எந்தக் கணக்கு அத்தா? பால்காரர் மேல சந்தேகம், லாரிக்காரர் மேல சந்தேகம். பெருநாள் பிறையைக்கூட நாலு பேரைக் கேட்டுத்தான் நம்பறீங்க. இதுக்கெல்லாம் யாராவது காசு தர்றாங்களா? சந்தேகப்படறதுக்குச் சம்பளம் குடுக்கற வேலை அத்தா இது."

சம்பளம் என்ற சொல்லில் தஸ்தகீர் நின்றார். தாடியைத் தடவினார். "சரி. ஆனா காலேஜை நான் பாத்துதான் சொல்லுவேன்."

அவள் விண்ணப்பம் போட்டிருந்தது இரண்டு கல்லூரிக்கு, இரண்டும் பெங்களூரில். மெட்ராஸுக்கு ஒரு ராத்திரி பஸ். பெங்களூருக்கு எல்லையில் ஜூஜுவாடி தாண்டினால் ஒரு மணி நேரம். ஒரு கல்லூரி முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்தது. இன்னொன்று ஓட்டுக் கட்டடம். அதன் விண்ணப்பமே மை ஊறிய சைக்ளோஸ்டைல் தாள். ஓட்டுக் கல்லூரியிலிருந்து இடம் உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டவும் என்று தபால் அட்டை வந்துவிட்டது. கண்ணாடிக் கல்லூரியிலிருந்து கிருஷ்ணப்பன் வந்தார்.

கிருஷ்ணப்பன் தரகர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது மனை விற்றவர், பிறகு கம்பெனி வேலைக்கு ஆள் சேர்த்துவிட்டவர், இப்போது கல்லூரி சீட்டுக்கு வந்திருந்தார். வழவழப்பான வண்ணப் புத்தகம் ஒன்றை மேஜைமேல் விரித்தார்.

"டொனேஷன் பன்னெண்டாயிரம் பாய். வெள்ளிக்கிழமைக்குள்ள பாதியைக் கட்டணும். நாலே சீட்டுதான் இருக்குது."

"போன வாரம் எத்தினி இருந்துச்சு?"

"நாலுதான்."

"ஒரு வாரமா ஒண்ணுகூடப் போவலியா? அப்படிப்பட்ட சரக்குக்கு எதுக்கு அவசரம்?"

"பாப்பாவோட எதிர்காலம் பாய். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி," என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிக் கன்னடத்தில்.

தஸ்தகீர் புத்தகத்தைப் படிக்கவில்லை. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இந்த வழவழ பேப்பரைக் காகித மில்லுல எடுக்க மாட்டான் கிருஷ்ணப்பா. மேல பூசியிருக்கறது களிமண்ணு."

கிருஷ்ணப்பன் சிரித்தார். தில்ஷாத் சிரிக்கவில்லை. தரகர் போனதும் சொன்னாள்: "கேமரா இருக்குது, சொந்தமா அச்சு மிஷின் இருக்குது, மாசாமாசம் ஸ்டூடன்ட்ஸே பத்திரிகை போடறாங்க. வேணாம்னா நேரா வேணாம்னு சொல்லுங்க அத்தா. குத்தம் கண்டுபிடிச்சே என்னை வூட்டுல உக்கார வெச்சிடாதீங்க."

அது சுருக்கென்று குத்தியது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் குத்தியிருக்காது. அதில் கால் பங்கு நிஜம்.

எந்தச் சரக்கையும் முன்வாசலில் பார்க்கக் கூடாது என்பது பழைய பேப்பர்காரன் சட்டம். முன்வாசலில் போர்டு இருக்கும். கழிவு பின்வாசலில்தான் வரும். பெங்களூர் கலாசிபாளையத்தில் அதாவுல்லா என்ற வியாபாரிக்கு இரண்டு கல்லூரியிலும் காகிதம் எடுக்கிற ஆட்கள் இருந்தார்கள். லாரி டிரைவரிடம் சொல்லியனுப்பினார் தஸ்தகீர்: ரெண்டுலயும் ஒவ்வொரு மூட்டை, கலக்காமல், பிரிக்காமல்.

புதன்கிழமை மூட்டைகள் வந்தன. அன்று மதியம் குடோனில் காகிதம் தரம் பிரிக்கும் ஜோதியம்மாளையும் தில்ஷாத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்து அவிழ்த்தார்.

கண்ணாடிக் கல்லூரி மூட்டையில் மாணவர்கள் போட்ட பத்திரிகை இருந்தது. எல்லாம் புத்தம் புதுசு. அச்சகத்துச் சணல் கயிறு அவிழாமல், ஐம்பது ஐம்பதாக, கட்டுக் கட்டாக.

"ஒருத்தன்கூடப் பிரிச்சுப் பாக்கல பாய்," என்றாள் ஜோதியம்மாள். "அச்சடிச்சான், வெளிய காட்டிக்கப் போட்டோ புடிச்சான், எடைக்குப் போட்டுட்டான்."

கீழே விடைத்தாள்கள். முதல் பக்கத்தில் மதிப்பெண். உள்ளே ஒரு சிவப்புக் கோடு கிடையாது. ஒன்றை எடுத்துப் படித்த தில்ஷாத் திகைத்தாள். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய கட்டுரையின் நடுவில் ஒருவன் ராகிக் களி கிண்டும் முறையை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான். இருபதுக்குப் பதினாறு.

"களி பதமா வந்திருக்கும் போல," என்றார் தஸ்தகீர்.

ஓட்டுக் கல்லூரி மூட்டை சின்னது, அழுக்கு. தாளெல்லாம் சிவப்பு மை. ஒரே பெண், ஒரே தெருக்குழாயைப் பற்றி மூன்று தடவை எழுதியிருந்தாள். ஓரத்தில் ஆசிரியர் இங்கிலீஷில் கேட்டிருந்ததைத் தில்ஷாத் தமிழில் சொன்னாள்: "யார் சொன்னது? எப்போ? நீ போய்ப் பாத்தியா?" மூன்றாவது தாளில் ஒரே சொல்: சரி.

தஸ்தகீர் நிமிர்ந்தார். தினமும் தராசுக்குப் பக்கத்தில் நின்று அவர் கேட்கிற கேள்விகள் இவை. "இந்த வாத்தியார் வியாபாரம் பண்ணியிருந்தா பொழைச்சிருப்பான்," என்றார்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தார். ஆனால் மகள் காகிதத்தை விட்டுவிட்டு மூட்டையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, இந்த நீலக் கயிறு நம்ம குடோன் கயிறாச்சே?"

"அது... காலையில நான் ஒரு தடவை பிரிச்சுப் பாத்தேன்."

"பிரிச்சுட்டு மறுபடியும் கட்டி, எங்களை உக்கார வெச்சு அவிழ்த்தீங்களா?"

"சாட்சி வேணும்ல?"

"இது அந்தக் காலேஜ் மூட்டைன்னு யார் சொன்னது?"

"அதாவுல்லா."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

ஜோதியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் தஸ்தகீரின் சரக்கை யாரும் இப்படிக் கேட்டதில்லை. முகம் சிவந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது பெருமை என்று.

"காலையில ஏழு மணி பஸ்ஸு," என்றார். "வந்து பாத்துக்க."

வியாழக்கிழமை கண்ணாடிக் கல்லூரியின் முன்வாசலைக் காவலாளி பார்த்துக்கொண்டான். இவர்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். மதிலோரம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கிழவனிடம் தில்ஷாத் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தாள். அந்த மாதத்துப் பத்திரிகை அவன் காலடியில் கிடந்தது, சணல் கயிறு அவிழாமல். மாசாமாசம் இப்படித்தான் என்றான். அவள் ஒரு கட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று நாளாகத் தலைமாட்டில் வைத்திருந்த வண்ணப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அவன் மூட்டையில் போட்டாள்.

"அதை எடுக்க மாட்டாங்க. களிமண்ணு," என்றார் தஸ்தகீர் மெதுவாக.

பதினொரு மணிக்கு ஓட்டுக் கல்லூரியில் பணம் கட்டினார்கள். ரசீதை அவர் ஒரு தடவை, அவள் ஒரு தடவை சரி பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தஸ்தகீர் பேரேட்டை எடுத்தார். கல்லூரிக் கட்டணத்தைக் குடும்பச் செலவில் எழுதினார். மற்றதைத் தனியாக: மூட்டை இரண்டு, நாற்பத்து மூன்று கிலோ, இரண்டரை வீதம் 107.50. பஸ் டிக்கெட் நாலு, 16.00. டீ, பன், 3.00. ஆகச் செலவு 126.50. வரவு: கண்ணாடிக் கல்லூரி மூட்டை முப்பத்திரண்டு கிலோ, யார் கையும் படாத சுத்தமான சரக்கு, மூன்று வீதம் 96.00. ஓட்டுக் கல்லூரி மூட்டை பதினொரு கிலோ, விற்பனைக்கு இல்லை. துண்டு விழுந்தது 30.50. பெட்டியில் வெட்டி வைத்த காகிதம் அரைக்கிலோ, 1.50. ஆக, தில்ஷாத் தர வேண்டியது 32.00.

தில்ஷாத் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அரைக்கிலோவுக்கு நேராக எழுதினாள்: 'யார் சொன்னது? நிறுத்துப் பார்த்தீர்களா?'

தஸ்தகீர் எழுந்து போய், வெட்டிய துண்டுகளைத் தராசில் வைத்தார். படிக்கல்லை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தார். நானூறு கிராம்.

1.50-ஐ அடித்தார். 1.20 என்று எழுதினார். தில்ஷாத் பாக்கி, முப்பத்தொரு ரூபாய் எழுபது காசு.