மருந்துக்கடைக்காரர் சொன்ன நம்பர்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

"நான் எடுக்கல அண்ணி."

எடுத்தாயா என்று நான் கேட்கவேயில்லை. "அந்த நம்பரைக் காணோம்" என்று போனில் ரிப்பேர்க்காரரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் நாத்தனார் குரல் வந்தது.

எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முகம் தெரியாது, யாரோ பேசுவது மட்டும் கேட்கும். இந்தமுறை முகமும் தெரிகிறது. அதுதான் தொந்தரவு.

2

தொடக்கம் ஒன்று: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்

(மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: கம்ப்யூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்தது. ரிப்பேர்க்காரர் வந்து மூடியைக் கழற்றினார், தூசியை ஊதினார், உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்மா. நீங்க எழுதினதைத் தனியா எடுத்து வச்சிடறேன்."

"அப்புறம் என்ன?"

"அதைத் திறக்க உங்க பழைய தமிழ் சாஃப்ட்வேர்தான் வேணும். ஏத்தும்போது இருபத்தஞ்சு எழுத்துல ஒரு நம்பர் கேக்கும். ப்ராடக்ட் கீ. சிடி டப்பாவுல ஒட்டியிருக்கும்."

"டப்பா போன வீட்டோட போச்சு."

"அந்தக் கம்பெனியும் போச்சே. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வரேன், தேடி வைங்க."

திரையில் கடைசி ஐந்து எழுத்து மட்டும் தெரிந்தது, மற்ற இருபதும் நட்சத்திரம். ஐந்தையும் அவர் உரக்கப் படித்தார். அப்போது நாத்தனார் டீயோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.)

உள்ளே இருப்பது ஆறு வருஷம் எழுதிய நாவல். தாளில் ஒரு பிரதிகூடக் கிடையாது. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்கள் சந்தேகம் என்மேல் திரும்பும்.

3

நம்பர் தொலையக்கூடாது என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தேன். சாதாரண ஆள் டைரியில் எழுதி வைத்திருப்பாள். நான் ஒரு சிறுகதையில் மருந்துக்கடைக்காரரின் வாயில் வைத்தேன். மாத்திரை அட்டையைத் திருப்பி, அதிலுள்ள நம்பரை அவர் படிப்பார். புத்தகமாகிவிட்டால் அப்புறம் யார் திருட முடியும்?

ரிப்பேர்க்காரர் போனதும் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். மருந்துக்கடைக்காரர், "தேதி முடியல, எடுத்துக்கிட்டுப் போங்க" என்கிறார். அவ்வளவுதான். நம்பர் இல்லை.

என் நாத்தனார் முப்பது வருஷம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள். என் புத்தகங்களுக்கும் அவள்தான்.

"அந்த வரியை ஏன் அடிச்ச?"

"மாத்திரை அட்டையில அவ்வளவு நீள நம்பர் எங்க அண்ணி இருக்கு?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒத்துக்குவீங்களா? பன்னெண்டு வருஷமா நீங்களே கவனிக்கல. அது இல்லாம கதை நல்லாத்தானே போகுது?"

நல்லாத்தான் போகிறது. அதுதான் எரிகிறது.

"அந்த ப்ரூஃப் தாளெல்லாம்?"

"இருக்கும். தேடணும்."*

* கண்ணை மூடிக்கொண்டே பத்து வருஷத்து ரசீதை எடுத்துத் தருகிறவள். 'தேடணும்' என்று அவள் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

4

நாவலின் வில்லி அவள்தான். பெயரை மாற்றியிருக்கிறேன், இருமலை மாற்றவில்லை. வீட்டில் எந்தத் தாள் கிடந்தாலும் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவாள், அதனால்தான் நான் அச்செடுக்கவில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவள் படியில் வழுக்கி விழுகிறாள். "அண்ணி" என்று கூப்பிடுகிறாள். மாடியில் எழுதிக்கொண்டிருக்கும் அண்ணிக்கு அது கேட்கிறது. வாக்கியத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று

(அந்த வாக்கியம் நீளமானது. அண்ணி இறங்கி வரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது.)

இதை இவள் எப்படியோ படித்திருந்தால்? நாவல் திறக்காமலே போகட்டும் என்று நினைக்க இவளைவிடக் காரணம் உள்ளவர் யார்?

5

சாயங்காலம் ஒட்டிய உறை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே பென்சிலில் ஐந்து எழுத்து.

"கடைசி அஞ்சு இதுதானே?"

அதேதான். டீயோடு நின்றபோது அவள் காதில் விழுந்த அதே ஐந்து. நான் கையை நீட்டினேன். அவள் உள்ளங்கையை உறைமேல் வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த நாவல்ல நான் எப்படிச் சாகறேன்?"

"எந்த நாவல்?"

"நான் ரூமுக்குள்ள வந்தா திரையை அணைப்பீங்களே, அந்த நாவல்."

முடிவு ஒன்று: "நீ சாகவே இல்ல" என்கிறேன். ஆனால் ப்ரூஃப் பார்க்கப்போவதும் அவள்தானே.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். அவள் உறையைக் கிழித்து

இரண்டும் நடக்கவில்லை. அவள் கையை எடுத்தாள்.

"வாயால வேண்டாம், எழுதிக் குடுங்க. பிழை இருந்தா நான் பாத்துக்கறேன்."

அதனால் கையாலேயே இதை எழுதினேன். உறை இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது. தடவினால் உள்ளே ஒரு தாள் தெரிகிறது. அதில் எழுத்து இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை. கோந்து இன்னும் காயவில்லை. பன்னிரண்டு வருஷத்து உறை அல்ல, இன்றைக்கு ஒட்டியது. பிரிக்கவில்லை.

இந்தப் பக்கங்களை முதலில் படிக்கப்போவது நீங்கள் இல்லை, அவள். வேண்டாததை அவள் யாரையும் கேட்காமல் அடித்துவிடுவாள் என்பது உங்களுக்கும் தெரியும். நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பத்தொன்பதாம் அத்தியாயம் அங்கே இருக்கிறதா?

இருந்தால், அவள் படித்தும் அடிக்காமல் விட்டிருக்கிறாள். உறைக்குள் என்ன இருந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.