டிரம்பெட்டுக்கு அடியில் கிடந்த பேச்சு

மோராவா ஆற்றங்கரை ஊரின் வானொலி இயக்குநர் டோப்ரிவோயே, சுருக்கி வைத்திருந்த எம்பி3 கோப்புகளை முழு அளவு வேவ் கோப்புகளாக மாற்றிய வாரத்தில், ஊர்க் கல்யாணங்களில் அத்தனை வருடமாக யார் யார் என்ன முணுமுணுத்தார்களோ அதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. இடம் அடைக்கிறதென்று கல்யாண ஒலிநாடாக்களைச் சுருக்கிவிட்டு, மூலத்தைக் குப்பையில் கொட்டியதும் இதே மகானுபாவர்தான். சுருக்கும்போது பெரிய சத்தத்துக்கு அடியில் கிடக்கும் சின்னச் சத்தங்கள் கழிந்துபோகும். பிறகு பெல்கிரேடு தலைமை நிலையத்திலிருந்து முழுத் தரத்தில் பதிவுகள் கேட்டார்கள். ஐயா ஒரு பொத்தானைத் தட்டினார். கோப்பு பத்து மடங்கு ஊதிப் பெருத்தது. சூப்பில் தண்ணீர் ஊற்றினால் கறி கூடிவிடும் என்று நம்புகிற மூளை அது. ஆனால் என்ன கொடுமை, கறி கூடித்தான் இருந்தது.

அந்த ஊர் ஜனங்கள் வாயில் வரக்கூடாததையெல்லாம் டிரம்பெட்காரர்கள் காதோரம் வந்து ஊதும்போதுதான் சொல்லித் தொலைப்பார்கள். இப்போது பாதிரியார் பன்றி வறுவலைத் திட்டியது கேட்டது. மேயர் மகளின் கல்யாணத்தில், "வறுவலும் வேகல, பொண்ணும் வேகல" என்று டோப்ரிவோயே சொன்னதும் கணீரென்று கேட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றார். வெட்கங்கெட்ட மனுஷன்.

அதே ஊர்க் கிழவி யாகோடாவுக்கு அந்த வம்பெல்லாம் தேவையில்லை. இளவயதில், அவளுடைய கல்யாண ஆட்டத்தில் மாப்பிள்ளை விட்டோமிர் குனிந்து என்னவோ கேட்டான். டிரம்பெட் சத்தத்தில் காதில் விழவில்லை. புதுப்பெண், சிரித்துத் தலையாட்டி வைத்தாள். அதன்பின் வாழ்நாள் முழுக்க அவன் அவளிடம் வாடகைக்கு வந்தவன் மாதிரி மரியாதையாகவே நடந்துகொண்டான். அன்னைக்கு என்ன கேட்டே என்று அவள் கேட்டால், "அதான் பதில் சொல்லிட்டியே" என்று விறகு பிளக்கப் போய்விடுவான். போன குளிர்காலம் செத்தும் போனான். யாகோடா வானொலி நிலையத்துக்கே போய் நின்றாள்.

"என் கல்யாணத்தைப் போடுய்யா."

"யாகோடா அக்கா, இது என்னோட சாதனை. புது தரத்துல..."

"உன் தரத்தை ஊறுகாய் போட்டு வை. போடு!"

போட்டார். டிரம்பெட் அலறியது. அதற்கு அடியில் விட்டோமிரின் இளங்குரல்: "வீட்ல கட்டாயப்படுத்தித்தானே அனுப்பினாங்க? உனக்கு என்னைப் பிடிக்கலதானே?" உடனே அவள் தலையாட்டியதில் காதுத் தொங்கட்டான்கள் ஆமாம் ஆமாம் என்று கிணுகிணுத்தன.

யாகோடா ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். "அடப்பாவி மனுஷா, காதுல விழலய்யா! பிடிச்சுத்தான் வந்தேன்! எவன் சொன்னான் கட்டாயம்னு?" கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்று டோப்ரிவோயே பயந்துபோய் முதலிலிருந்து ஓட்டினார். தொங்கட்டான் சத்தம் இல்லை. அந்த இடத்தில் யாகோடாவின் கிழட்டுக் கத்தல் இருந்தது. இதுவும் தன் சாதனைதான் என்று அவர் பெல்கிரேடுக்கு அனுப்பிவைத்தார். அங்கேயும் ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் அதை ஒலிபரப்புகிறார்கள். அதில் மாப்பிள்ளை விட்டோமிர் தாளம் தப்பித் தப்பி ஆடுவது காலடியில் கேட்கிறது. "அப்படியா? நிஜமாவா?" என்று டிரம்பெட் ஓய்ந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.