பச்சைப்புல் முடிச்சு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு கொடியைத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'இவள் பார்த்தாளா, கேட்டாளா, புளுகுகிறாளா' என்று என்னைக் குடையக் கூடாது. பறிப்பு முடிந்து, நான் வேலை செய்யும் களமெங்கும் ஐஞ்சுவைப்பழம்* சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்த நாளில், காளான் பொறுக்க மலையேறினேன். ஒரு மரத்தைச் சுற்றி ஏறிய கொடி. அதன் பழத்தை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. கொத்துக் கொத்தாகக் கறுத்துச் சுருங்கித் தொங்கியது. தண்டில் ஒரு புல் முடிச்சு. யார் கட்டியது என்று ஊரில் கேட்டேன். எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

போங்கள், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து எழுதியதுதான் இது.

(* இருமலுக்கும் தூக்கம் வராததற்கும் மருந்துக்கடைகளில் கொடுக்கும் பழம். தோலும் சதையும் இனிப்பு, புளிப்பு. கொட்டையைக் கடித்தால் காரம், கசப்பு. எல்லாம் சேர்ந்தால் ஓர் உப்பு. நம் அறுசுவையில் துவர்ப்பு மட்டும் இல்லை. அந்தத் துவர்ப்பைக் கடைசியில் கொண்டுவந்து வைத்துவிடுவேனோ என்று பயப்படாதீர்கள். அந்தச் சாமர்த்தியமெல்லாம் எனக்கு ஆகாது.)

2

முதல் தொடக்கம்: "சாங்பாய் மலைமேல் மூடுபனி..."

[அடித்துவிட்டேன். பனியில் தொடங்கும் கதைகளைப் படித்துப் படித்து எனக்கே ஜலதோஷம்.]

இரண்டாவது: "தெஹாய் செத்துப்போனது குய்ரோங்கைத் தவிர ஊருக்கே தெரியும்."

[பொய். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதுதான் கொடுமை.]

சரி, நேராகவே சொல்கிறேன். கோடை மழையில் ஆறு பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, பாலத்தின்மேல் குய்ரோங்கின் புருஷன் தெஹாய் இருந்தான். கூடை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு அவன் உடுப்பைப் புதைப்பது இங்கே வழக்கம். பறிப்பு முடிந்ததும் செய்துவிடலாம் என்று தெஹாயின் தம்பி தெஷான் தயங்கித் தயங்கிச் சொன்னான். குய்ரோங் பெட்டியைத் திறந்து, பஞ்சு வைத்துத் தைத்த குளிர்காலக் கோட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லதாவே இருக்கட்டும் தம்பி. கிழிஞ்சதைக் குடுத்தா அங்க போயும் என்னைத்தான் திட்டுவாரு."

அவ்வளவு தூரம் வந்துவிட்டாள். வந்து சேர என்ன பாடு பட்டிருப்பாள் என்று எழுத முயன்றேன். முடியவில்லை.

3

எங்கள் மலையில் பழம் பொது. ஊர் குறித்த நாளுக்கு முன்னால் யாரும் காயில் கை வைக்கக் கூடாது. ஆனால் கொடியைக் கண்டவன் தண்டில் புல்லால் ஒரு முடிச்சுப் போட்டு வைக்கலாம். போட்ட கைதான் அவிழ்க்க வேண்டும். செத்தவனின் முடிச்சு, அவனைப் புதைக்கும்வரைதான் செல்லும்; அதுவரை அவன் வீட்டார் பறித்துக்கொள்ளலாம். தெஹாய் இடக்கைக்காரன். அவன் முடிச்சு இடப்பக்கம் முறுக்கியிருக்கும். வேறு எவனுக்கும் அது படியாது.

தெஷானுக்குப் படிந்தது. குறித்த நாளுக்குச் சற்று முன்னால் மலையேறி, அண்ணன் வருஷாவருஷம் பறிக்கும் கொடியில், அண்ணன் முறுக்கிலேயே ஒரு முடிச்சுப் போட்டான். போடாவிட்டால் எவனாவது அமுக்கிவிடுவான். தன் முடிச்சைப் போட்டாலோ, அண்ணன் போன சூட்டோடு தம்பி அமுக்கிவிட்டான் என்று ஊர் சிரிக்கும். இந்த ஒரு வருஷமாவது பழம் அண்ணிக்குச் சேரட்டும் என்று நினைத்தான். பறிக்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

[கொழுந்தன், தனியாய் நிற்கும் அண்ணி. உங்கள் புத்தி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் புத்தியும் போய்விட்டுத்தான் திரும்பியது. ஒரு வரைவில் அவனுக்கு அவள்மேல் ஆசை வைத்து எழுதிப் பார்த்தேன். அதற்கப்புறம் அவன் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நின்றுவிட்டான். கிழித்துப் போட்டேன். இவன் வெறும் நல்லவன். கெட்டவன் செய்ததையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். நல்லவன் செய்து வைப்பதை என்ன செய்வது?]

4

பறிப்பு நாளன்று அவள் அவனுக்கு முன்னால் மலையேறிவிட்டாள்.

"தம்பி! ஓடியா! உங்கண்ணன்டா!"

"எங்க அண்ணி?"

"கண்ணு அவிஞ்சா போச்சு? முடிச்சைப் பாரு. யாரு முறுக்கு இது? தொட்டுப் பாரு, புல்லு இன்னும் பச்சை. மழைக்கு முன்னாடி கட்டினதுன்னா இந்நேரம் சருகாயிருக்காதா?"

தெஷான் வாயைத் திறந்தான்.

["அண்ணி, அது நான்தான்..." இந்த வரியை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். அவன் 'அண்ணி' என்பதற்குள் அவள் சிரித்துவிடுகிறாள். மழைக்கு அப்புறம் அவள் சிரிப்பது அதுதான் முதல்.]

தெஷான் வாயை மூடிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு மா அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "பழத்தைப் பறிச்சுக்க குய்ரோங். குருவி தின்னுட்டுப் போகுது."

"போட்ட கை இருக்கே அக்கா. அது வந்து அவுக்கட்டும்."

மா அக்கா தெஷானைப் பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அட பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்றாள், அவன் காதுக்கு மட்டும்.

5

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் சொல்: "கோட்டைக் குடு."

"அண்ணி..."

"குடுடா. குளிரு வருது. மனுசன் ஒத்தைச் சட்டையோட போனாரு."

கோட்டைப் பிடுங்கிக்கொண்டு, காணாத புருஷனைத் திட்ட ஆரம்பித்தாள். "மலைக்கு அந்தாண்ட ஒளிஞ்சிருக்காரு. கூடையை ஆத்தோட விட்டுட்டாருல்ல, நான் கத்துவேன்னு பயம். அன்னிக்குக் கழுதையைத் தொலைச்சிட்டு மாமன் வீட்டுல பதுங்கிக் கெடக்கலையா? அதே புத்தி. விடிஞ்சதும் போயி காதைப் புடிச்சு இழுத்துட்டு வரேன்."

மலைக்கு அந்தாண்டை போவது விளையாட்டில்லை. அங்கே முதல் பனி சொல்லிக்கொண்டு விழாது. இரண்டு நாளாக வாடைக்காற்று வேறு.

6

முடிவுகள் மூன்று எழுதினேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஆசை.

ஒன்று: தெஷான் சொல்லிவிடுகிறான். அவள் அறைகிறாள். அறைந்துவிட்டுக் கேட்கிறாள்: "உன் முடிச்சைப் போட்டிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்கு அழுது முடிச்சிருப்பேனே." வெள்ளம் கொன்றவனைத் தம்பி இன்னொரு தரம் கொல்ல வேண்டும். அவன் கை எழவில்லை, என் பேனாவும் எழவில்லை.

இரண்டு: அவனும் கூடப் போகிறான். இல்லாத அண்ணனை, அவள் காது கேட்க, "அண்ணே! அண்ணே!" என்று மலையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு. போவான். ஆனால் பனி விழுந்தால் இரண்டு பேரும் திரும்புவார்களா? எனக்குத் தெரியவில்லை.

மூன்று: கதவு தட்டும் சத்தம். தாடி வளர்ந்து, இளைத்துப்போன தெஹாய் வாசலில்

[நிறுத்திவிட்டேன். காகிதம் என்னுடையது, மை என்னுடையது, கேட்பார் யாருமில்லை. எழுதிவிட்டிருக்கலாம். அவள் சிரித்திருப்பாள். ஆனால் தெஷான் செய்ததும் இதுதானே? நானும் உட்கார்ந்து ஒரு பச்சைப்புல்லைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.]

7

விடிந்துவிட்டது. குய்ரோங் ரொட்டியை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். தெஷான் எதிரே வந்து, அவள் தோளில் கிடந்த கோட்டின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடு தம்பி, நேரமாகுது."

"ஒண்ணு சொல்லணும் அண்ணி."

"வந்து கேட்டுக்கறேன்."

"இல்ல, இப்பவே."

அவள் நின்றாள். அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் ஒன்றும் முட்டாளில்லை. அவளை நான் அப்படி எழுதவும் இல்லை. அவள் கண் கலங்கியது. குரல் மட்டும் தணிந்து, கெஞ்சுவதுபோல் வந்தது.

"அந்த முடிச்சைப் பத்தின்னா சொல்லாத தம்பி. நான் போயிட்டு வந்துடறேன்."

இதற்கு மேல் என்னால் ஆகாது. தெஷானாலும் ஆகாது, குலுங்கிக் குலுங்கி அழுகிறான். வாடைக்காற்றில் கோட்டின் கை அவன் விரலிலிருந்து நழுவுகிறது. நீங்கள்தான் பக்கத்தில் நிற்கிறீர்கள். பிடித்து நிறுத்துவதானால் இப்போதே பிடியுங்கள், அவள் படியிறங்கிவிட்டாள்.