கறுப்பாய் விழுந்த பயிர்

அஸாருக்குக் குத்தாலத்தில் ஸ்டூடியோ. கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துச் சலித்துப்போய், பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைச் சென்னைக்கு அனுப்பி, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைக் கழற்றி வாங்கியிருந்தான். அதில் நல்ல வெயிலில் எடுத்தால் செழித்த இலையெல்லாம் பால் வெள்ளையாக விழும். வாடத் தொடங்கிய பயிர், கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தாலும், படத்தில் கறுத்துவிடும்.

நேற்று நாகநாதனின் குத்தகை வயலில் வரப்போரம் எடுத்த படத்தில் அப்படி ஒரு கறுப்புத் திட்டு.

"என்ன தம்பி இது?" என்றார் நாகநாதன்.

"பயிருக்கு என்னமோ ஆகுதுண்ணே. எலி கடிச்சிருக்கும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கம்.

"எலியேதான். வரப்பு பூரா வளை. பக்கத்துல தண்ணி வேற கொப்புளிக்குது, அது நண்டு. நாளைக்குக் காலையில மூட்டம் போட்டுடறேன்."

பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகையை ஊதுவார்கள். எலிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் வைத்தியம்.

இன்று காலை, வயல் முழுவதையும் ஒரே படத்தில் அடக்க ஆசைப்பட்டு அஸார் ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினான். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அது திட்டு இல்லை, கோடு. நாகநாதன் வயலில் தொடங்கி, அடுத்த இரண்டு வயல்களையும் தாண்டி, ரோட்டோர எச்சரிக்கைப் பலகை வரை நூல் பிடித்தாற்போல் கறுப்பாக ஓடியது. எலி நேர்கோட்டிலா கடிக்கும்? அடியில் எரிவாயுக் குழாய் போகிறது. புதைத்து இருபது வருடமாகி, ஊரே மறந்துவிட்டிருந்தது. தண்ணீரில் கொப்புளித்தது நண்டும் இல்லை.

நாகநாதனுக்குப் போன் போட்டான். எடுத்தது நாகநாதனின் மனைவி பூவம்மாள்.

"போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாங்க தம்பி. பானையும் வைக்கோலும் எடுத்துக்கிட்டு."

"தீ வைக்க வேணாம்னு ஓடிப்போய்ச் சொல்லுங்க அண்ணி! காஸ் கசியுது!"

இறங்கி ஓடினால் பத்து நிமிடமாகும். அங்கே, அந்தக் கோட்டின் மேலேயே, வளைக்குப் பக்கத்தில் நாகநாதன் குந்தியிருந்தார். அஸார் தொண்டை கிழியக் கத்தினான். எதிர்க்காற்றில் குரல் எட்டவில்லை. கேமராவைப் பிடித்த கையையும் சேர்த்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினான்.

நாகநாதன் நிமிர்ந்து பார்த்தார். படம் எடுக்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இவன் பக்கம் திரும்பி வாகாக உட்கார்ந்து, தீப்பெட்டியை எடுத்தார்.