பெயர் போடாத சீட்டுகள்

புஷ்பவள்ளி டீச்சரைப் பழிவாங்க லோஷினிக்கு வாய்த்தது ஒரே ஒரு காலைப்பொழுது. அதைக் கோட்டைவிட அவள் தயாராக இல்லை.

சாஆ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளியில்தான் அவளும் படித்தாள். இப்போது பயிற்சி ஆசிரியையாக அங்கேயே வந்திருக்கிறாள். விதியின் குசும்பைப் பாருங்கள், அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் அதே புஷ்பவள்ளி. பயிற்சிக்கான மதிப்பெண் புள்ளியில் பாதி அவர் கையில்.

சோதனைத் தாளைத் திருப்பிக் கொடுப்பதில் டீச்சருக்கென்று ஒரு முறை உண்டு. அதிகப் புள்ளியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். கடைசித் தாளை மட்டும் கொடுக்கமாட்டார். ராகம் போட்டு வகுப்புக்கே வாசிப்பார். ஐந்தாம் ஆண்டில் லோஷினி தன் அப்பாவைப் பற்றி எழுதிய கட்டுரை அப்படி வாசிக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளர் யஹ்யா மதிப்பீடு பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அவள் நினைப்பு இங்கேதான் இருக்கும். பின்னூட்டம் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும், ஆளைக் கவிழ்க்கக் கூடாது என்பார் அவர். மற்றவர்கள் தேர்வுக்காகப் படித்தார்கள். இவள் புஷ்பவள்ளிக்காகப் படித்தாள்.

அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க யஹ்யா வந்த அன்று, பாடம் முடிந்ததும் லோஷினி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறு சீட்டுக் கொடுத்தாள். சோதனைத் தாள் திரும்பக் கிடைக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு வரி எழுதச் சொன்னாள்.

"பேரு போட வேணாம். யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. மனசுல உள்ளத எழுதுங்க."

சீட்டுகளைச் சேர்த்து நேராகப் பின்வரிசைக்குப் போனாள். அங்கே யஹ்யாவின் பக்கத்தில் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார் புஷ்பவள்ளி.

"நீங்களே வாசிங்க டீச்சர். உங்க குரல்தான் பிள்ளைங்களுக்குப் பழக்கம்."

வாசிப்பது என்றால் டீச்சருக்கு வெல்லம். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர் என் தாளை வாசிக்கும்போது எனக்கு வயிறு..."

அதற்கு மேல் ராகம் வரவில்லை.

"நிறுத்தாதீங்க டீச்சர், இதெல்லாம் நாம கேக்க வேண்டியதுதான்லா," என்றார் யஹ்யா, பேனாவைத் திறந்தபடி.

வேறு வழியில்லை. டீச்சர் வாசித்தார். சோதனை அன்று காய்ச்சல் வர வேண்டும் என்று ஒரு பிள்ளை சாமி கும்பிடுகிறதாம். இன்னொன்றுக்கு அடுத்தவர் தாளைக் கேட்டுச் சிரிக்கப் பிடிக்கவில்லையாம். சிரிக்காவிட்டால் டீச்சர் முறைப்பாராம். புஷ்பவள்ளியின் கழுத்து வியர்த்தது. லோஷினிக்கு உள்ளுக்குள் தித்தித்தது. வாசி, இன்னும் வாசி என்று மனதுக்குள் கறுவினாள். இத்தனை வருஷம் அடுத்தவர் மானத்தை வாசித்த வாய், இப்போது தன் மானத்தைத் தானே வாசித்தது.

யஹ்யா மளமளவென்று குறித்துக்கொண்டார். "அருமையான முயற்சி லோஷினி," என்று பாராட்டிவிட்டு, தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் புஷ்பவள்ளி சீட்டுகளை மேசைமேல் பரப்பினார். கோபம் எதுவும் காட்டவில்லை. இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்துகிறவர் அவர். பெயர் எதற்கு?

"இது ரூபேந்திரன். இது மலர்." ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "காய்ச்சல் கேட்டது... கஸ்தூரி, எந்திரிமா."

கடைசி வரிசையில் கஸ்தூரி எழுந்தாள். லோஷினிக்குப் பகீரென்றது. பழியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. ஆசிரியர் தொழில் படிக்க வந்தவள், ஆசிரியருக்குக் கையெழுத்து தெரியும் என்பதை மறந்திருந்தாள்.

"டீச்சர், நான்தான் எழுதச் சொன்னேன்," என்றாள்.

"தெரியும்மா. உன் புள்ளிய அப்புறம் பேசிக்கலாம்." புஷ்பவள்ளி வகுப்பின் பக்கம் திரும்பினார். "தப்பா எழுதினா என்ன செய்யணும்?"

"திருத்தம் எழுதணும், டீச்சர்," என்றது வகுப்பு ஒரே குரலில்.

கஸ்தூரி உட்கார்ந்து எழுதினாள். டீச்சர் வாசித்தால் எனக்குப் பிடிக்கும். டீச்சர் வாசித்தால் எனக்குப் பிடிக்கும். பக்கம் நிறைந்ததும் தாளைப் புஷ்பவள்ளியிடம் கொண்டுபோனாள்.

"எங்கிட்ட வேணாம். கேள்வி கேட்டவங்கதான் திருத்தணும்."

பிள்ளை லோஷினியிடம் வந்து தாளை நீட்டியது. முகத்தைப் பார்க்கவில்லை. புஷ்பவள்ளி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி லோஷினியின் கையில் கொடுத்தார்.

லோஷினி வரிவரியாகச் சரி போட்டாள்.