கூடத்துப் பிரிண்டர்

குத்புதீன் மாடியில் பேசினால் அது கீழே கூடத்தில் காகிதமாக வந்து விழும்.

போன வருஷம் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் தொண்டையைத் திறந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. மூச்சு போய்வரக் கழுத்தில் ஒரு துளை. சமையலறையில் மிளகாய் தாளித்தால் காரம் அந்தத் துளை வழியே நேரே நெஞ்சுக்குள் இறங்கி இருமலாகப் பிய்த்தெடுத்தது. அதனால் அவரை மாடி அறைக்கு மாற்றினார்கள். மனைவி ஹாஜிராவுக்கோ மூட்டு தேய்ந்த கால்கள். மாடிப்படி என்றாலே முகம் சுருங்கும். கைப்பேசியில் எழுதி அனுப்பினாலும் படிக்க மாட்டாள். "இந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ள எவ கண்ண நுழைக்கிறது?" என்று பழைய பொத்தான் போனையே வைத்துக்கொண்டிருந்தாள்.

வழி கண்டுபிடித்தவர் குத்புதீன்தான். ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் பக்கம் பல வருஷம் பிரௌசிங் சென்டர் நடத்தியவர். வரிசையாக இருந்த கம்ப்யூட்டர்களை ஒரே பிரிண்டரோடு சேர்த்துக் கட்டி மேய்த்தவர். மகன் இம்தியாஸ் தனிக்குடித்தனம் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. அதில் ஒரு பிரிண்டரை மாட்டி, வீட்டு வைஃபை வழியே எல்லோருக்கும் பொதுவாக்கி, மேலே தன் லேப்டாப்பிலிருந்து பேசத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன். பிரிண்டர் உறுமினாலே ஹாஜிராவுக்குத் தெரியும், மேலே வாய் திறந்தாயிற்று என்று. கண்ணாடியை மாட்டிப் படிப்பாள். பதிலை மாடிப்படிக்கடியில் நின்று கத்துவாள்.

"கெளுத்தியும் இல்ல, கெண்டையும் இல்ல, இன்னிக்கு முருங்கக்காதான்!"

"அதுக்கு ஒரு பேப்பரா? வாய் போயும் வாயாடித்தனம் போகலியே உங்களுக்கு!"

தெருவுக்கே கேட்கும். எதிர்வீட்டு பஷீர் அகமது ஜன்னலில் நின்று சிரிப்பார். கடை இருந்த நாளில் குத்புதீன் காலையில் போனால் இரவுதான் வருவார். சோற்றுத் தட்டுக்கு முன்னால் நாலு வார்த்தை, அவ்வளவுதான் பேச்சு. குரல் போன பிறகுதான் புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு பேசினார்கள்.

அந்தப் பிரிண்டர் ஒரு வெள்ளிக்கிழமை நின்றுபோயிற்று.

முந்தின நாள்தான் இம்தியாஸ் ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கி வந்திருந்தான். அவனும் மனைவி சம்ரீனும் ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாடிக்கு வந்தவன் உட்காரவில்லை. "எல்லாம் க்ளியர் அத்தா. டாக்டரே சந்தோஷமா சொன்னாரு" என்று தலையணையைப் பார்த்துச் சொன்னான். கீழே இறங்கி வெகுநேரம் கூடத்தில் இருந்துவிட்டுப் போனான்.

எந்த ரிப்போர்ட் வந்தாலும் அதை ஸ்கேன் செய்து, கூடத்துக் கம்ப்யூட்டரில் 'மருத்துவம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுவது அவன் வழக்கம். குத்புதீன் மேலிருந்தே திறந்து படித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பும் நேரத்தில் ஃபோல்டரைத் திறந்தார். திறக்கவில்லை, உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. சரி, கேட்போம் என்று தட்டினார்: 'ஹாஜிரா, ரிப்போர்ட் எங்கே?' காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். உறுமல் இல்லை. மறுபடி அனுப்பினார். பிறகு வெறும் பெயரை மட்டும்: 'ஹாஜிரா?'

சோறு கொண்டுவந்தது வேலைக்காரப் பெண் மாரியாயி. காகிதம் வெளியே வருவதுபோல் கையால் காட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

"எனக்கென்னங்க பாய் தெரியும்? அது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கு."

தரையைச் சுட்டினார். ஹாஜிரா?

"கால் வலின்னு சொல்றாங்க. ஆனா நின்னுக்கிட்டேதான் இருக்காங்க, அந்த மிஷினப் பாத்துக்கிட்டு."

இம்தியாஸுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார்: கேட்டதெல்லாம் அனுப்பிவிட்டேன், ஒன்றும் கீழே வரவில்லை. உடனே பதில் வந்தது: 'விண்டோஸ் அப்டேட் ஆயிருக்கும் அத்தா. நெட்வொர்க் ப்ராப்ளம். ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். நீங்க ஒண்ணும் நோண்டாதீங்க.'

யாரைப் பார்த்து நோண்டாதே என்கிறான்! சனிக்கிழமை காலை உடம்பு கழுவி, கழுத்துத் துணியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

கோளாறு தேடுவதில் அவருக்கு ஒரே முறைதான். பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். முதலில் தன் லேப்டாப்: சரியாக இருந்தது. அடுத்து வைஃபை: இருந்தது. கூடத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுப் பார்த்தார். உடனே பதில் கொடுத்தது. நெட்வொர்க்கில் கோளாறு என்றால் அங்கே உள்ள எதுவும் திறக்கக் கூடாது. பேத்தி இக்ராவின் பிறந்தநாள் படங்கள் திறந்தன. பழைய கணக்கு ஃபோல்டர் திறந்தது. 'மருத்துவம்' ஒன்றுக்கு மட்டும் அனுமதி இல்லை. அப்டேட் செய்த வேலை என்றால் எல்லாப் பூட்டையும் சேர்த்துத்தானே போட்டிருக்கும்? ஒரே ஒரு ஃபோல்டரைத் தேடிப் பிடித்தா பூட்டும்?

பிரிண்டரைப் பார்த்தார். அவர் அனுப்பிய கேள்விகள் ஒன்றுகூடத் தொலையாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நின்றன. மேலே ஒரு சொல்: நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் தீர்ந்தால், சிக்கினால், மை வற்றினால், கம்பி கழன்றால் பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லும். இந்தக் காரணத்தை அது தானாகச் சொல்லி அவர் பார்த்ததே இல்லை. கடையில் எவனாவது தப்பான பக்கங்களை அனுப்பிவிட்டு 'அண்ணே, அண்ணே' என்று அலறும்போது அவரே அழுத்தி நிறுத்துவார். அதற்கு ஒரு கை வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்தவர் அவர். இங்கிருந்தே நாலு இடத்தில் அழுத்தினால் ஃபோல்டர் பூட்டு கழன்றுவிடும். விரலைக் கொண்டுபோனார். பிறகு எடுத்துக்கொண்டார். எல்லாம் க்ளியர் என்கிற ரிப்போர்ட்டுக்கு எதற்குப் பூட்டு? படிக்க வேண்டியது அதற்குள் இனி என்ன இருக்கிறது?

தோள்கள் குலுங்கின. குரல்வளை இல்லாதவருக்கு அழுகையிலும் சத்தம் வராது. துளை வழியே காற்றுதான் சீறியது. அதை இரண்டு விரலால் லேசாகப் பொத்தி, கீழே கேட்காமல் அழுது முடித்தார்.

பூட்டு இம்தியாஸின் வேலை, அது தெரிந்ததுதான். பிரிண்டரை எதற்கு நிறுத்தினார்கள் என்பதுதான் சற்று நேரம் பிடிபடவில்லை. பிறகு மனசுக்குள் ஹாஜிராவை மாடிப்படிக்கடியில் நிறுத்திப் பார்த்தார். கையில் அவருடைய கேள்வி. தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கிற குரலில் அவள் 'எல்லாம் க்ளியருங்க!' என்று கத்த வேண்டும்.

வரிசையில் நின்ற கேள்விகளை ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியாக, அவள் பெயரை மட்டும் எழுதியிருந்த பக்கத்தையும். புதிதாக ஒன்று தட்டினார்: 'எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ கத்த வேண்டாம். மெதுவா மேலே வா.' நிறுத்தத்தை நீக்கினார். கீழே பிரிண்டர் உறுமியது.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு படியில் காலடி. ஒரு படி, கைப்பிடியில் சாய்ந்து ஒரு மூச்சு, அடுத்த படி. அவர் எழுந்துபோய் மேல்படியில் நின்று கையை நீட்டினார். ஹாஜிரா காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"யாரு சொன்னா? இம்தியாஸா?"

அவர் லேப்டாப்பைக் காட்டினார்.

"அந்தச் சனியன்தானா! அத்தாவால கண்டே பிடிக்க முடியாதும்மான்னு சொல்லிட்டுப் போனான் உங்க புள்ள." கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நான்தாங்க நிறுத்தச் சொன்னேன். பேப்பர் வந்தா நான் பதில் சொல்லணும்ல? பொய்ய எப்படிங்க படிக்கட்டுல நின்னு கத்துறது? அந்தப் பக்கம் பஷீர் பாய் கேப்பாரு, இந்தப் பக்கம் அல்லா கேப்பான்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டார். இத்தனை மாதமாகக் கத்தியே பழகியவள், இப்போது அவர் காதருகில் மெல்லச் சொன்னாள்.

"நெஞ்சுக்கு எறங்கிருச்சாம். ரெண்டு பக்கமும். ஊசி போடலாமாம். கொஞ்சம் தள்ளிப்போடுமாம், போக்காதாம்."

அவர் தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஆட்டோக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்த பிறகு லேப்டாப்பை மடியில் வைத்து, பெரிய எழுத்தில் தட்டி அவள் பக்கம் திருப்பினார்.

'எனக்குத் தெரியும்னு இம்தியாஸுக்குத் தெரிய வேண்டாம்.'

"ஏங்க?"

'புள்ள கஷ்டப்பட்டுப் பூட்டியிருக்கான். ஞாயித்துக்கிழமை அவனே வந்து சரிபண்ணட்டும்.'

பிரிண்டரைத் திரும்பவும் நிறுத்திவைத்தார். ஹாஜிரா அவரைப் பார்த்து, "ரெண்டு பேரும் நல்லா நடிங்க" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இம்தியாஸ் தனியாக வந்தான். ஹாஜிரா அடுப்பை அணைத்திருந்ததால் குத்புதீனும் கூடத்துக்கு இறங்கிவந்து அவனுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் ரௌட்டரைப் பிடுங்கி மாட்டினான். கம்பிகளைத் தட்டிப் பார்த்தான்.

"ஐ.பி. மாறியிருக்கு அத்தா. டிரைவரும் கெட்டுப்போச்சு போல. அப்டேட் வந்தாலே இதான் தொல்ல."

எல்லாம் வாய்க்கு வந்த புளுகு. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வரும் நாளில் இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் மண்டையில் ஒரு தட்டு விழுந்திருக்கும். குத்புதீன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

கடைசியில் அவன் பிரிண்டரின் வரிசையைத் திறந்தான், நிறுத்தத்தை நீக்குவதற்காக. திறந்தவன் அப்படியே இருந்தான். அம்புக்குறி நகரவில்லை. வரிசை காலியாக இருந்தது. கேட்டதெல்லாம் அனுப்பினேன் என்று அத்தா எழுதியிருந்தார். நிறுத்திவைத்த பிரிண்டரில் அனுப்பியது அப்படியே கிடக்க வேண்டும். அழித்தால்தான் போகும். இதை அவனுக்குக் கற்பித்தது அந்தக் கடைதான்.

அவன் திரும்பவில்லை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"எப்ப அத்தா?"

குத்புதீன் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்: "உங்களுக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாங்க."

"எனக்கு நேத்தே தெரியும்டா" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அழுதுட்டு சாப்பிட வா. சோறு ஆறுது."

இம்தியாஸ் சிரிக்கப் போனான். அது சிரிப்பாக வரவில்லை. மேசையில் தலை கவிழ்ந்தான். குத்புதீன் அவன் முடியைக் கோதியபடி நின்றார். அவன் அடங்கி, கண்ணைத் துடைத்து, "ஃபோல்டரத் தொறந்து விடட்டா?" என்று கேட்டபோது வேண்டாம் என்று கையசைத்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். எழுத்தைப் பெரிதாக்கித் தட்டினார்.

'திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நானும் வரேன். என்கிட்ட நேரா சொல்லட்டும். ஊசி வேணுமா வேண்டாமான்னு நான் சொல்றேன்.'

மகன் திரையிலேயே படித்துவிட்டான். ஆனாலும் குத்புதீன் அச்சுக்குக் கொடுத்தார். பிரிண்டர் உறுமிக் காகிதத்தைத் தள்ளியது. சமையலறையிலிருந்து ஹாஜிரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைத் தேடினாள்.